முதுகைத் திருப்பி உட்கார்ந்தவர்

குரு என்றதும் வெள்ளைத் தாடியும் காவி வேட்டியும் நினைவுக்கு வந்தால் அது வாசிப்பவர் குற்றமில்லை. இத்தனை காலமாக அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் ரேணுகாதேவி. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரில் வருவார், ஸ்கூட்டரில் போவார்.

சீடர் அவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். பெயர் நாச்சிமுத்து. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வைத்து நன்றாகச் சம்பாதித்து, அதை மகன் கையில் கொடுத்துவிட்டு, சும்மா இருக்கத் தெரியாமல் கேமரா வாங்கியவர்.

அந்தக் கேமராவின் லென்ஸ் ஒரு முழ நீளம் இருக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் மனைவி ருக்குமணி ஒன்று சொல்வார்.

"பெத்த புள்ளைய எடுத்துட்டுப் போறப்பக்கூட நீங்க இத்தனை பதனமா நடக்கலீங்க."

ரேணுகா டீச்சர் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் செங்காட்டுக் குளத்துக்குப் பறவை பார்க்க ஆட்களை அழைத்துப் போவார். யார் வேண்டுமானாலும் வரலாம். வந்த முதல் நாளே நாச்சிமுத்து எல்லாருக்கும் முன்னால் ஓடினார். தண்ணீரில் நின்றிருந்த அத்தனை கொக்கும் எழுந்து பறந்துபோயின. கூட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். டீச்சர் சுளிக்கவில்லை. கரையில் கிடந்த ஒரு கல்லைக் காட்டினார்.

"பொறுமையா உக்காருங்கண்ணா. நாம தேடிப் போகக்கூடாது. பறவை தானா வரும்."

அதை நாச்சிமுத்து மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டார். வியாபாரத்தில் பிடித்ததை விடாமல் பிடித்தே மேலே வந்த ஆள். மடக்கு நாற்காலி வாங்கினார். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாய் இருக்கும் மறைப்புத் துணி வாங்கினார். துணிக்குப் பின்னால் உட்கார்ந்தால் அசையமாட்டார், இருமமாட்டார், எறும்பு கடித்தாலும் தட்டிவிடமாட்டார். பொறுமை என்றால் நாச்சிமுத்துதான் என்று பறவை பார்ப்பவர்களிடையே பெயராகிவிட்டது. அந்தப் பெயர் அவருக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

பங்குனித் தொடக்கத்தில் குளம் வற்றி, நடுவே ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. கரையோரம் வெறும் சரளைக் கல். அந்தக் கல்லுக்கு நடுவே ஓர் ஆள்காட்டி நான்கு முட்டை வைத்திருந்தது. சிவந்த மூக்கும் மஞ்சள் நெட்டைக் காலுமாய், ஆளைக் கண்டாலே குளம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துமே, அந்தப் பறவைதான். அது கூடு கட்டாது. கல்லோடு கல்லாக முட்டையைப் போட்டுவிட்டுக் காவல் நிற்கும்.

மற்றப் பறவைகளுக்கு முட்டையைச் சூடாக வைத்திருப்பது பாடு என்றால், கோடையில் ஆள்காட்டிக்கு அதைக் குளிர வைப்பதுதான் பாடு. தண்ணீருக்குப் போய் மார்பை நனைத்துக்கொண்டு ஓடிவரும். முட்டைமேல் நின்று ஈரத்தை இறக்கும். பிறகு மறுபடி தண்ணீருக்கு ஓடும். நனைந்த மார்போடு ஓடிவரும் ஆள்காட்டியை நேருக்கு நேராகப் படம் எடுத்தவர்கள் குறைவு என்று நாச்சிமுத்து எங்கோ படித்திருந்தார். அந்தப் படம் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினார்.

பறவை நேராக லென்ஸைப் பார்த்து வரவேண்டும் என்றால் நாற்காலி எங்கே இருக்கவேண்டும்? கணக்கு எளிது. முட்டைக்கும் குட்டைக்கும் நடுவே, குட்டையைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டார். துணியை விரித்தார். உட்கார்ந்தார்.

பறவை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. அவர் அசையவில்லை. காலை வெயில் மத்தியான வெயிலாயிற்று. கழுத்தில் வேர்வை ஓடியது. பொறுத்தார். பசித்தது. அதையும் பொறுத்தார். கடைசியில் அது அவருக்கு எதிரே வந்து இறங்கியது. மார்பு நனைந்திருக்கவில்லை. ஆனால் இரண்டு இறக்கையையும் அகல விரித்து, வாயைத் திறந்து, அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. கேட்டதைவிடப் பெரியது கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு. எடுத்துத் தள்ளினார்.

சாயங்காலம் அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தாய்மை என்று தலைப்பு வைத்தார். எந்தக் குளம், எந்த ஓரம், எந்த வழியாக இறங்கவேண்டும் என்பதையும் தாராள மனசோடு போட்டார்.

குழு அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பல் டாக்டர் தினகரன் அடுத்த நாளே போன் செய்தார். அவர் ஊரிலுள்ள ஒரு சேவைச் சங்கத்தின் செயலாளர். சித்திரை முதல் ஞாயிறு, குளக்கரையிலேயே கூட்டம் வைக்கலாம் என்றார். நாச்சிமுத்துவின் படத்தைப் பெரிய பேனராகக் கட்டலாம், அவர் கொஞ்சம் பேசவேண்டும், பேசி முடித்ததும் எல்லாரையும் கீழே கூட்டிப்போய்ப் பறவையைக் காட்டவேண்டும். தலைப்பும் கையோடு தயாராக இருந்தது. பறவை பார்ப்பவர்கள் பறவைகளையும் அவை வாழும் இடங்களையும் காப்பது எப்படி.

மைக்கைக் கையில் பிடித்தறியாத மனிதர். ஆனாலும் ஆசை யாரை விட்டது. பங்குனி கடைசி வாரத்தில் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"நம்ம மாதிரி ஆளுங்க பறவைங்களக் காப்பாத்த என்ன செய்யோணுங்க டீச்சர்? நாலு பாயிண்ட் சொன்னீங்கன்னா மனப்பாடம் பண்ணிக்குவேன்."

டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார்.

"நாளைக்கு லீவுதானுங்கண்ணா. மத்தியானம் குளத்துக்கு வாங்க. நாற்காலி, துணி, கேமரா எல்லாம் எடுத்துட்டு வாங்க. தண்ணி பாட்டில மறந்துராதீங்க."

படத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லுவார் என்று காத்திருந்துவிட்டு நாச்சிமுத்து கிளம்பினார்.

மறுநாள் உச்சி வெயிலில் இருவரும் குளத்துக்குள் இறங்கினார்கள். டீச்சர் நாற்காலியை வாங்கிக் குட்டைக்குப் போகும் பக்கம் போட்டார். துணியைக் கட்டினார். தண்ணீர் பாட்டிலை நாற்காலிக்குப் பின்னால், துணி நிழலில் வைத்தார். நாச்சிமுத்துவின் தொப்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எதிரே சரளைக் கல்லைக் காட்டினார்.

"அங்க உக்காருங்கண்ணா. நான் சொல்ற வரைக்கும் இருங்க."

இது தியானம் போன்ற ஒன்று என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார். பொறுமையில் தனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று உள்ளூரச் சந்தோஷம்கூட. கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கல்லின் சூடு கொஞ்ச நேரத்தில் பேண்ட்டைத் தாண்டி வந்தது. இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். எல்லாப் பக்கமும் அதே சூடுதான். வழுக்கை மண்டை எரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் எதிரே துணி, துணியின் ஓட்டையில் அவருடைய லென்ஸ். டீச்சர் தெரியவில்லை.

"டீச்சர், கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கட்டுங்களா?"

பதில் இல்லை.

மறுபடி கேட்டார். பதில் இல்லை. எழுந்து ஒரு பக்கமாக நடந்தார். லென்ஸ் அவரோடு திரும்பியது. இன்னொரு பக்கம் போனார். அங்கேயும் திரும்பியது. சுற்றிக்கொண்டு போய்ப் பாட்டிலை எடுத்துவிடலாம். ஆனால் டீச்சர் சொல்லவில்லையே. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கணக்கு டீச்சருக்குப் பயந்து வெயிலில் நிற்கிறோமே என்று அவருக்கே அவமானமாக இருந்தது. தாகம் அவமானத்தைவிடப் பெரியதாக இருந்தது. துணிக்கு நேர் எதிரே வந்து நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"டீச்சர். தண்ணி."

கேமரா சத்தம் கேட்டது.

டீச்சர் துணியை விலக்கிக்கொண்டு வந்து கேமராவின் திரையைக் காட்டினார். கையை அகல விரித்து, வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாச்சிமுத்து நின்றிருந்தார்.

"நல்லா வந்திருக்குதுங்களாண்ணா? என்ன தலைப்பு வெக்கலாம்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அந்த இன்னொரு படம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு எத்தனை நேரம் உக்காந்திருந்தீங்க?"

"காலைல இருந்துங்க. மத்தியானச் சோறுகூடத் திங்கலீங்க." பெருமையாகப் பல பேரிடம் சொன்ன அதே வார்த்தைகள்தான். இப்போது குரல் எழும்பவில்லை.

"அத்தனை நேரத்துல அவ எத்தனை தடவை தண்ணிக்குப் போய்ட்டு முட்டைக்கு வந்தா?"

"எங்கீங்க வந்தா. சுத்திச் சுத்திக் கத்திக்கிட்டே..."

அவர் முடிக்கவில்லை. இன்று தாங்கள் கீழே இறங்கி வந்தபோது எந்தப் பறவையும் கத்தவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கல்லுக்கு நடுவே, நான்கு முட்டைகளும் வைத்தது வைத்தபடியே இருந்தன. ஒன்றில் விரிசல். அதில் எறும்பு போய் வந்துகொண்டிருந்தது.

"இனிப் பொரிக்காதுங்களா?"

"வெந்துபோச்சுங்கண்ணா."

டீச்சரே பேசினார். படத்தை ராத்திரிதான் பார்த்தாராம். விடிந்ததும் ஓடி வந்தாராம். பறவை முட்டைமேல்தான் உட்கார்ந்திருந்தது, அதனால் பிழைத்திருக்கும் என்று நம்பினாராம். அதற்குப் பிறகும் பல நாள் அது அந்த வெந்த முட்டைகளின்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்து போயிற்றாம்.

"பொறுமையா உக்காருங்க, பறவை தானா வரும்னு சொல்லிக் குடுத்தது நானுங்க. எங்க உக்காரக்கூடாதுன்னு சொல்லிக் குடுக்கல. இதுல எனக்கும் பங்கு இருக்குது."

பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று மறுக்கத்தான் நாச்சிமுத்து நினைத்தார். ஆனால் கை வாங்கிக்கொண்டது, வாய் குடித்தது. பாட்டில் காலியாகும்வரை குடித்தார். தான் விழுங்குகிற சத்தம் தனக்கே அத்தனை பெரிதாகக் கேட்டது. அப்படி ஒரு வெட்கத்தை அவர் தன் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

அன்றைக்கு பீரோவுக்குள் போன கேமரா வெளியே வரவில்லை. உடம்புக்கு என்ன என்று ருக்குமணி கேட்டார், ஒன்றுமில்லை என்றார். போனைத் திறந்தால் அந்தப் படத்துக்குக் கீழே இன்னும் யாராவது கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோவார். அழித்தால் ஒளித்த மாதிரி ஆகிவிடுமே என்று எடுத்துக்கொள்வார். வைத்திருக்கவும் முடியவில்லை. எத்தனையோ பேர் கடனைக் கொடுக்காமல் ஏமாற்றியபோதுகூட நிம்மதியாகத் தூங்கின மனிதர், இப்போது ஒரு பறவை தன்னை ஏமாற்றுக்காரனாக நினைத்திருக்கும் என்று புரண்டு படுத்தார்.

தினகரனுக்குப் போன் போட்டுக் கூட்டத்துக்கு வரமுடியாது என்றார். ஏன் என்று கேட்டபோது கழுத்து வலி என்றார். அதற்கென்ன, கழுத்துக்கு நல்ல ஆள் ஒருவர் இருக்கிறார், கார் அனுப்புகிறேன் என்றார் தினகரன். பேனர் அச்சுக்குப் போய்விட்டது, நாற்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள் என்று மகிழ்ச்சியோடு வைத்தார்.

மறுநாள் மாலை பள்ளி விடும் நேரத்தில் நாச்சிமுத்து வாசலில் போய் நின்றார். பிள்ளைகளெல்லாம் போன பிறகு டீச்சர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அவ மறுபடி முட்டை வெச்சிருக்கறாங்கண்ணா. கரைமேல நின்னு பைனாகுலர்ல பாத்தேன். அதே ஓரந்தான், பாதைக்கு இன்னும் கிட்டக்க."

நாச்சிமுத்துவுக்கு ஒரு கணம் மூச்சு லேசானது. அடுத்த கணம் வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நினைவுக்கு வந்தது. நாற்பது பேர். நாற்பது செல்போன். வழி தெரியாதவர் ஒருவரும் இல்லை. வழி போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திருங்க டீச்சர். நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"கேப்பாங்க. ஆனா அவங்களுக்கு வழி காட்டுனது நான் இல்லீங்களே."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். முன்பு கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை மனப்பாடம் பண்ணுவதற்காகக் கேட்கவில்லை.

"நான் என்னங்க டீச்சர் செய்யோணும்?"

"கரையில இருந்து கீழ எறங்கற பாதை இருக்குதுங்கல்ல, அது தொடங்கற எடத்துல உக்காருங்க. குளத்துக்கு முதுகக் காட்டி உக்காருங்க."

"முதுகக் காட்டியா? அப்பறம் எப்படிங்க பறவையப் பாக்கறது?"

டீச்சர் அவரைப் பார்த்தார். கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியது.

மறுநாளிலிருந்து நாச்சிமுத்து கரைமேல் உட்கார்ந்தார். முகம் ரோட்டைப் பார்த்து, முதுகு குளத்தைப் பார்த்து. நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை, துண்டை விரித்துக்கொண்டார். கேமரா கையில் இல்லாததால் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதல் நாள் பின்னால் ஆள்காட்டி ஓயாமல் கத்தியது. தன்னைத்தான் திட்டுகிறது என்று அவருக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் கழித்து அது நின்றது. நின்றதென்றால் முட்டைமேல் போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அமைதியில் அவர் மூச்சுவிடக்கூட யோசித்தார்.

வேலை இல்லாமல் போகவில்லை. குளத்தில் வண்டல் அள்ள டிராக்டர்கள் வந்தன. இத்தனை நாளும் இந்தப் பாதையில்தான் இறங்கிக்கொண்டிருந்தன. கீழே ஒரு பறவை முட்டை வைத்திருக்கிறது, தெற்குச் சரிவு வழியாக இறங்க முடியுமா என்று கேட்டார். சரியென்று திருப்பிக்கொண்டு போனார்கள். இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடம் பறவை பார்க்கிறோம் என்று வந்துபோனவர்களில் யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. அவரும்தான் கேட்டதில்லை. நாய்கள் வந்தால் எழுந்து போய் விரட்டினார். விரட்டும்போதுகூடக் குளத்துப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை சங்கத்து ஆட்கள் பேனரைக் கொண்டுவந்து ரோட்டோரம் இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே கட்டினார்கள். நாச்சிமுத்துவுக்கு நேர் எதிரே. ஆள் உயரத்துக்கு ஆள்காட்டி, இறக்கையை விரித்து, வாயைத் திறந்து, அவரையே பார்த்தது. கீழே அவர் பெயர், பறவையின் தலையைவிடப் பெரிய எழுத்தில். இடத்தை மாற்றிக் கட்டச் சொல்லலாமா என்று நினைத்தார். சொல்லவில்லை. அன்று முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முன்னால் வாய் திறந்திருந்த பறவை, பின்னால் வாய் மூடியிருந்த பறவை.

ஞாயிறு காலை கார்கள் வந்தன. புதுத் தொப்பிகள், புதுப் பைனாகுலர்கள். தினகரன் மைக்கைத் தட்டிப் பார்த்து, பொறுமையின் சிகரம் என்று அவரை அறிமுகம் செய்தார். கைதட்டினார்கள். ரேணுகா டீச்சர் கூட்டத்தின் கடைசியில், ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார்.

நாச்சிமுத்து மைக்கை வாங்கவில்லை. மைக்கில் பேசினால் பின்னால் இருப்பவள் பயந்துவிடுவாள் என்று தோன்றியது. பேனருக்குக் கீழே போய் நின்றார். கூட்டம் கிட்டே வந்தது.

"இதுல அவ தாய்மையக் காட்டலீங்க. முட்டைக்குப் போறதுக்கு எங்கிட்ட வழி கேக்கறா. நான் நடுவால உக்காந்துட்டு வழி விடல. முட்டை நாலும் வெயில்ல வெந்துபோச்சு. படம் எனக்குக் கெடச்சுது."

படம் எடுக்கத் தூக்கின செல்போன் ஒன்று மெல்லக் கீழே இறங்கியது.

"இப்ப மறுபடி வெச்சிருக்கறா. இந்தப் பாதைல யாரும் எறங்க வேண்டாமுங்க. கூப்புட்டது நானுங்க. தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க."

தினகரன் முகத்தில் ஈயாடவில்லை. சங்கத்து ஆட்கள் முன்னால் அவருக்கும் மானம் இருக்கிறதே. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"நீங்க கிட்டப் போய்ப் படம் எடுத்துட்டீங்க, பேரும் வாங்கிட்டீங்க. நாங்க தூரமா நின்னு ஒருக்காப் பாத்தாக் குத்தமாயிருங்களா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதனாலேயே அது உள்ளே போய்த் தைத்தது. நாச்சிமுத்து திரும்பி நடந்து, பாதை தொடங்கும் இடத்தில், தன் துண்டின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார். பாதை குறுகல். இறங்கவேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் இறங்கவேண்டும்.

ஒரு அம்மாள் பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். இன்னும் இரண்டு பேர் போனார்கள். அப்புறம் மளமளவென்று கலைந்தது. முட்டையை வேகவைத்துவிட்டு உபதேசத்தைப் பார் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனார். நாச்சிமுத்துவின் காதில் விழவேண்டும் என்றே சொன்னார். நாச்சிமுத்து நிமிரவில்லை. அவர் கூட்டிவந்த நாற்பது பேரும் அவர் தலைகுனிந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

கடைசியாக நின்றவர் தினகரன். கோபம் பாதி வடிந்திருந்தது. பேனரை அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டார்.

"இருக்கட்டுங்க டாக்டர். வர்றவங்க என்னன்னு கேப்பாங்க. கேட்டாத்தானுங்க நான் சொல்ல முடியும்."

அப்படித்தான் ஆயிற்று. படம் கிழியாமல் தொங்கிய வரைக்கும் வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டார்கள். அவரும் சொன்னார். எத்தனை முறை சொல்லியும் அது லேசாகவில்லை. ஒவ்வொரு முறையும் வாய் குழறியது. சிலர் அடுத்த நாளும் வந்து, அவர் சாப்பிடப் போகும்போது தாங்கள் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார்கள். எப்படி உட்காரவேண்டும் என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார்.

சித்திரை முடியப்போகும் ஒரு காலையில் பின்னால் புதிதாக ஒரு குரல் கேட்டது. கத்தல் இல்லை. தாழ்ந்த குரலில், விட்டு விட்டு, யாரையோ பக்கத்தில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நாச்சிமுத்துவின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

டீச்சர் வந்து பக்கத்தில் நின்றார். குளத்துப் பக்கம் பைனாகுலரைத் தூக்கினார்.

"பொரிச்சிருச்சுங்களா?"

"மூணு நடக்குது. இன்னொண்ணு அவ வயித்துக்கடியில இருந்து தலையை நீட்டுது."

நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்தது. துண்டின் நுனியை எடுத்துத் துடைத்துக்கொண்டார். மறுபடி நிறைந்தது. அதைத் துடைக்காமல் விட்டுவிட்டார். பின்னால் அந்தத் தாழ்ந்த குரல் நின்றது, மறுபடி தொடங்கியது, தண்ணீர்ப் பக்கமாக நகர்ந்தது. வெகு நேரம் அடக்கி வைத்திருந்த கேள்வி அவர் வாயிலிருந்து கெஞ்சலாக வந்தது.

"டீச்சர், ஒரே ஒருக்காத் திரும்பிப் பாத்துக்கட்டுங்களா?"

டீச்சர் பைனாகுலரை இறக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவ நின்னு உங்களத்தான் பாத்துட்டு இருக்கறா. அவ பாத்து முடிக்கட்டுங்கண்ணா."